மத்துக் கட்டம்: துண்டுத்துணிப் போர்வைக்கு முதல் கட்டம் தைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலைகளில் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து தைப்போம். மிஷின் வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு, கைவேலையை மட்டும் கீழே கொண்டு வருவோம். சந்தைக்குப் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், கேட்பார்கள். சிலர் மறுவாரம் துணியோடு வந்து நிற்பார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாமே ஒரே ஒரு கட்டத்தைப் பற்றியவை. கட்டம் என்பது துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒரு சதுரம், அப்படிப் பல சேர்ந்தால் போர்வை.

இதற்கு ஏன் மத்துக் கட்டம் என்று பெயர்? மத்து எங்கே இருக்கிறது?

பெயர் நான் வைத்ததுதான். ஆனால் இட்டுக்கட்டியதல்ல. இது அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து தைக்கப்பட்டு வரும் கட்டம், அங்கே சர்ன் டாஷ் என்பார்கள். சர்ன் என்றால் வெண்ணெய் எடுக்கும் பாத்திரம். டாஷ் என்பது அதற்குள் இறங்கி ஏறும் கோல். நம் மத்து கயிற்றில் சுழன்று கடையும். அவர்களுடையது உயரமான மரத்தொட்டிக்குள் மேலும் கீழும் குத்தும். கோலின் அடியில் இருக்கும் மரக்கட்டையைக் கீழிருந்து பார்த்தால் தெரியும் வடிவம்தான் இது.

இதே கட்டத்துக்கு வேறு பெயர்களும் உண்டு. களஞ்சியக் கதவில் ஓட்டை என்று ஒன்று. மங்கி ரெஞ்ச் என்று இன்னொன்று, அது போல்ட், நட்டு முடுக்கும் கருவி. அவரவர் கையில் என்ன இருந்ததோ அதன் பெயர் வந்திருக்கிறது. நம் அடுப்படியில் இருப்பது மத்து.

முதல் கட்டமாக வெறும் ஒன்பது சதுரம் போதாதா?

போதும். ஆனால் அதில் கோணல் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் ஒரே அளவில் தப்பும், நாமும் நன்றாக வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். மத்துக் கட்டத்தில் சதுரம், முக்கோணம், பட்டை மூன்றும் இருப்பதால், தப்பு எங்கே என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

அளவு சொல்லுங்கள், எத்தனை துண்டு வெட்ட வேண்டும்?

தைத்து முடித்த பிறகு 9 அங்குலச் சதுரம் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு துணி போதும்: ஒன்று அடர்ந்த நிறம், ஒன்று வெளிர் நிறம். எல்லா ஓரத்திலும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும், கீழே உள்ள அளவுகளில் அது சேர்ந்தே இருக்கிறது.

நடுவுக்கு வெளிர் துணியில் 3½ அங்குலச் சதுரம் ஒன்று.

நான்கு மூலைகளுக்கு அடர் துணியில் 4 அங்குலச் சதுரம் இரண்டு, வெளிரில் அதே அளவில் இரண்டு. சரியான கணக்கு 3⅞ அங்குலம். ஆனால் கொஞ்சம் பெரிதாக வெட்டித் தைத்துவிட்டு 3½ ஆகச் சீவிக்கொள்வதுதான் புதுக்கைக்கு நல்லது.

நான்கு பக்கங்களுக்கு 2 அங்குல அகலமும் 15 அங்குல நீளமும் உள்ள பட்டை, இரண்டு துணியிலும் ஒவ்வொன்று. இந்த இரண்டையும் நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, 3½ அங்குலத்துக்கு ஒன்றாக நான்கு துண்டு போடுங்கள். எட்டுக் குட்டித் துண்டுகளை வெட்டி ஜோடி சேர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். கடைசியில் ஒரு அங்குலம் மிஞ்சும், ஓரம் கோணலாக இருந்தால் சீவ உதவும்.

இப்போது கையில் ஒன்பது சதுரம் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 3½ அங்குலம். மூன்று மூன்றாகச் சேர்த்தால் கட்டம் 9½ அங்குலம் வரும். அடுத்த கட்டத்தோடு சேரும்போது ஓரத்தில் கால் கால் அங்குலம் உள்ளே போய், 9 மட்டும் கண்ணில் படும்.

சிங்கப்பூரில் எல்லாமே மீட்டர் கணக்கு. சென்டிமீட்டரில் செய்ய முடியாதா?

தாராளமாக. அங்குலத்தைச் சென்டிமீட்டராக மாற்றிப் பெருக்காதீர்கள், 8.89 என்றெல்லாம் வரும். புதிதாகவே போடுங்கள். தையலுக்கு விடுவது முக்கால் சென்டிமீட்டர். நடுச் சதுரம் 9.5, பட்டை அகலம் 5.5, மூலைக்கு 11 சென்டிமீட்டர்ச் சதுரம் வெட்டித் தைத்து 9.5 ஆகச் சீவுவது. பட்டை நீளம் 40 இருந்தால் போதும். கட்டம் 25.5 வரும், முடிந்த பிறகு 24. ஒரு முறை எடுத்த அளவுகோலை நடுவில் மாற்றக்கூடாது, அவ்வளவுதான்.

பழைய சேலையில் தைக்கலாமா? அம்மாவுடைய சேலைகள் பெட்டி நிறைய இருக்கின்றன.

பெரும்பாலானவர்கள் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள், உண்மையில் போர்வை அவர்களுக்கு இரண்டாம் பட்சம்.

பருத்திச் சேலை என்றால் யோசிக்கவே வேண்டாம். கட்டிக் கட்டித் துவைத்த பருத்தி இனிமேல் சுருங்காது, சாயமும் போக வேண்டியது போயிருக்கும். ஆனால் எல்லா இடமும் ஒரே பலத்தில் இருக்காது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொசுவம் வைத்த இடமும், உட்காரும்போது இழுபடும் இடமும் வலைபோல் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, உள்ளே சொருகியே இருந்த பகுதியையும் முந்தானையை ஒட்டிய பகுதியையும் எடுங்கள். இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழு இழுத்துப் பாருங்கள். கிழிந்தால் இப்போதே கிழியட்டும்.

வெட்டுவதற்கு முன் கஞ்சி போடுங்கள். சோற்றுக் கஞ்சியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ, எது பழக்கமோ அது. தொளதொளவென்று இருக்கும் பழைய பருத்தி காகிதம்போல் நிற்கும், அளவு தப்பாது. தைத்து முடித்ததும் மறக்காமல் அலசிவிட வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் கஞ்சித் துணியை அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், வெள்ளிமீன் பூச்சியும் வரும். அதற்குக் கஞ்சி என்றால் உயிர்.

பட்டுச் சேலை வேறு கதை. வழுக்கும், ஓரம் பிரியும், பழைய பட்டு மடிப்பிலேயே விரிசல் விட்டிருக்கும். அதைத்தான் தைக்க வேண்டும் என்றால் பின்பக்கம் இஸ்திரிப்பெட்டியால் ஒட்டும் மெல்லிய உள்துணி ஒட்டிவிட்டு வெட்டுங்கள். ஜரிகையை மட்டும் நடுச் சதுரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் ஜரிகை வைத்துத் தைத்தவர் ஒருவர் இருக்கிறார், அந்தப் போர்வை கன்னத்தில் கீறுகிறது என்று இப்போது சுவரில் மாட்டியிருக்கிறார்.

நைலக்ஸ், ஜார்ஜெட், பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம். பருத்தியோடு சேர்ந்து இஸ்திரி ஆகாது. பாத்திக் சாரோங் அருமையான துணி, மெழுகுப் பிசுபிசுப்பு இருந்தால் வெந்நீரில் ஒரு முறை அலசிக்கொள்ளுங்கள். வேஷ்டித் துணி வெளிர் பக்கத்துக்கு நல்லது, ஆனால் மிகவும் மெல்லியதாக இருந்தால் உள்ளே மடிந்திருக்கும் அடர் துணியின் ஓரம் நிழலாகத் தெரியும். கரை உள்ள இடத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பின்னால் விளிம்பு கட்ட உதவும்.

புதுத் துணி எங்கே வாங்குவது?

தேக்கா சென்டரின் மேல்மாடியில் துணிக்கடைகளும் தையல்காரர்களும் இருக்கிறார்கள். ரவிக்கைப் பாப்ளின் ஒற்றை நிறத்தில் வேண்டுமென்றால் அங்கேதான் போவேன், நிறத்துக்குப் பஞ்சமில்லை. கூட்டமில்லாத நேரத்தில் போய்ப் பக்குவமாகக் கேட்டால் தையல்காரர்கள் வெட்டி மிஞ்சிய துணியை ஒரு பையில் போட்டுத் தருவதும் உண்டு. தீபாவளிக்கு முந்தைய மாதம் மட்டும் கேட்காதீர்கள், முகம் கொடுக்கவே அவர்களுக்கு நேரம் இருக்காது. பாத்திக்குக்கு அரபு ஸ்திரீட். சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸிலும் துணிக்கடைகள் உண்டு. குயில்ட்டுக்கென்றே, அதாவது இந்தத் துண்டுத்துணிப் போர்வைக்கென்றே அச்சிட்ட பருத்தி, உள்ளே வைக்கும் பஞ்சுத்தாள், உருளும் கத்தி, கோடு போட்ட அளவுகோல் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் பிளாசா சிங்கப்பூராவில் ஸ்பாட்லைட்.

முதல் கட்டத்துக்கு எதுவும் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. வீட்டில் ஒரு பழைய தலையணை உறைகூடவா இல்லை?

சாயம் போகுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெள்ளைத் துணியை ஈரமாக்கி, சந்தேகத் துணியின் மூலையில் வைத்து இஸ்திரிப்பெட்டியை அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் போகும். சிவப்பு, மெரூன், கறுப்பு, இண்டிகோ நீலம் ஆகிய நான்கையும் நம்பவே கூடாது.

உப்பு போட்டால் நிற்கும், வினிகர் போட்டால் நிற்கும் என்பார்கள். ஒருமுறை மெரூன் பாப்ளினை உப்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, நம்பி, என் அப்பாவின் வேஷ்டித் துணியோடு சேர்த்துத் தைத்தேன். முதல் துவைப்பிலேயே வேஷ்டி வெற்றிலை போட்ட வாய்போல் ஆகிவிட்டது. தண்ணீர் தெளிவாக வரும்வரை தனியே அலசுவதைத் தவிர வேறு வழி இல்லை. நாலு அலசலிலும் நிற்கவில்லையா, அந்தத் துணியில் பை தையுங்கள்.

கால் அங்குலம் விட வேண்டும் என்கிறீர்கள். ரவிக்கைக்கு ஒரு அங்குலம்கூட விடுவோமே, கொஞ்சம் கூடினால் என்ன?

ரவிக்கையில் விடுவது பிறகு பிரித்துத் தளர்த்துவதற்கு. இங்கே பிரிக்கும் பேச்சே இல்லை. விடும் அளவுதான் கட்டத்தின் அளவைத் தீர்மானிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தையல் ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட வீசம் (1/16) அங்குலம் உள்ளே போய்விட்டது என்று வையுங்கள். கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் இரண்டு பக்கத் துணியிலும் அது குறையும், ஆகவே தையலுக்கு அரைக்கால் (⅛) அங்குலம். ஒரு வரிசையில் இரண்டு தையல், கட்டம் 9½க்குப் பதில் 9¼. ஆறு கட்டம் சேர்த்தால் மொத்தம் பதினேழு தையல், இரண்டு அங்குலத்துக்கு மேல் காணாமல் போகும். எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி குறைந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு கட்டம் திங்கட்கிழமை அலுப்போடு தைத்தது, இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை நிதானமாகத் தைத்தது என்றால் இரண்டும் சேரவே சேராது.

மத்துக் கட்டத்தில் இன்னொரு வம்பும் உண்டு. பக்கத்துச் சதுரங்களில் மட்டும் நடுவில் கூடுதலாக ஒரு தையல் இருக்கிறது. மூலைச் சதுரத்தைச் சீவி 3½ ஆக்கிவிட்டீர்கள். பக்கத்துச் சதுரம் தையலில் குறைந்து 3⅜ ஆக நிற்கும். இரண்டையும் சேர்க்கும்போது ஒன்றை இழுத்துப் பிடிப்பீர்கள், கட்டம் நடுவில் குழிந்துபோகும். அதனால் பட்டைகளைத் தைத்து இஸ்திரி போட்டதும், துண்டு போடும் முன்பே அகலத்தை அளந்து பாருங்கள். 3½ இருந்தால் மேலே போங்கள். இல்லையென்றால் நிறுத்துங்கள்.

மிஷினைச் சோதிக்க எளிய வழி: 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளைப் பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளங்கள். சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் அதிகம் விடுகிறீர்கள். சரியான இடம் கிடைத்ததும் மிஷின் தட்டில் ஊசிக்கு வலப்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி, துணி ஓரத்தை அதையொட்டியே ஓட்டுங்கள். ஊசியைப் பார்க்காதீர்கள், டேப்பைப் பாருங்கள்.

துணி மடிந்து திரும்பும் இடத்திலும் கொஞ்சம் அளவு போகும். அதனால் கால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாகத் தைப்பது வழக்கம். ஆசாரி சொல்லும் நூல் அரைக்கால் அங்குலம், அதை எடுத்துக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். நான் சொல்வது துணியில் ஓடும் ஒற்றை இழை.

மூலை முக்கோணங்கள் நெளிகின்றன. என்ன தப்பு?

முக்கோணமாக வெட்டித் தைத்திருப்பீர்கள். துணியைக் குறுக்கே வெட்டினால் ரப்பர்போல் இழுபடும். முதலில் தைக்க வேண்டும், பிறகுதான் வெட்ட வேண்டும். அடர், வெளிர்ச் சதுரங்களை நல்ல பக்கம் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, வெளிரின் பின்பக்கம் மூலைக்கு மூலை பென்சில் கோடு போடுங்கள். கோட்டின் இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தையல் ஓட்டி, அப்புறம் கோட்டின் மேல் வெட்டுங்கள். விரித்தால் ஒரு ஜோடிச் சதுரத்திலிருந்து இரண்டு முக்கோணச் சதுரம். இரண்டு ஜோடிக்கு நான்கு, நமக்கு வேண்டியதும் அதுதான்.

இஸ்திரிப்பெட்டியை இழுக்காதீர்கள். வை, எடு, வை, எடு. சீவும்போது அளவுகோலின் குறுக்குக் கோடு தையலின் மேல் உட்கார வேண்டும்.

எல்லாம் சரியாகத் தைத்தும் மத்து மாதிரி வரவில்லையே?

ஏதோ ஒரு சதுரம் திரும்பியிருக்கும். எனக்கு இன்றைக்கும் நடக்கிறது. விதி ஒன்றுதான்: அடர் நிறம் நடுவைப் பார்க்க வேண்டும். மூலைச் சதுரத்தில் வெளிர் முக்கோணம் கட்டத்தின் வெளிமூலையில், பக்கத்துச் சதுரத்தில் வெளிர்ப் பட்டை வெளி ஓரத்தில். ஒன்பதையும் மேசையில் பரப்பிக் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டுத் தையுங்கள். நேரில் கண்ணுக்குத் தப்புவது படத்தில் பளிச்சென்று தெரியும்.

வரிசைகளைச் சேர்க்கும்போது மூலைக்கு மூலை பொருந்தவில்லை.

தையல் மடிப்புகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் பக்கத்துச் சதுரத்தை நோக்கி மடித்து இஸ்திரி போடுங்கள், நடு வரிசையில் நடுச் சதுரத்தை விட்டு விலக்கி மடியுங்கள். அப்படிச் செய்தால் இரண்டு வரிசையும் சேரும் இடத்தில் மடிப்புகள் எதிரெதிரே நிற்கும், விரலால் தடவினாலே ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்வது தெரியும். அங்கே ஊசி குத்திவிட்டுத் தைக்கலாம்.

மிஷின் இல்லை. கையால் முடியுமா?

முடியும், அழகாகவும் வரும். ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் கால் அங்குலக் கோடு பென்சிலால் வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டுத்தையல் போடுங்கள். அங்குலத்துக்கு எட்டுத் தையல் வந்தால் தாராளம். நாலைந்து தையலுக்கு ஒருமுறை ஒரு பின்தையல். ஒரு கட்டத்துக்கு இரண்டு மூன்று மாலைகள் ஆகும். எம்ஆர்டி ரயிலில் தைப்பவர்களும் உண்டு, நான் தைப்பதில்லை, ஊசி விழுந்தால் யார் தேடுவது?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரவு மிஷின் ஓட்டினால் கீழ்வீட்டுக்குக் கேட்குமா?

கேட்கும். சத்தத்தைவிட அதிர்வுதான் கீழே இறங்கும். மேசைக்கால்களுக்கு ரப்பர் விரிப்பு போடுங்கள், பத்து மணிக்கு மேல் வெட்டும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வெயிலில் போர்வை எதற்கு?

ஏர்கான் அறையில் தூங்கும் பிள்ளைகளைக் கேளுங்கள்! ஆனாலும் கேள்வி நியாயமானது. குளிர்நாட்டுக்காரர்கள் உள்ளே வைக்கும் கனத்த பஞ்சு நமக்கு வேண்டாம். நான் உள்ளே வைப்பது பழைய பருத்திச் சேலை, இரண்டு மடிப்பு. மேலே கட்டங்கள், நடுவில் சேலை, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல். வங்காளத்துக் காந்தாவும் பழைய சேலைகளை அடுக்கித் தைப்பதுதான். துவைத்தால் அரைநாளில் காயும், மழைக்காலத்தில் இதன் அருமை தெரியும். ஃபிளானல் துணியும் வைக்கலாம்.

பேரக்குழந்தைக்கு என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வயது ஆகும்வரை தொட்டிலிலோ கட்டிலிலோ தளர்வான போர்வை எதுவும் வைக்க வேண்டாம், மூச்சு முட்டும் அபாயம் உண்டு. தரையில் விரித்துக் குப்புற விளையாட விடுங்கள், பக்கத்திலேயே இருங்கள்.

எத்தனை கட்டத்துக்கு எவ்வளவு துணி?

நான்குக்கு நான்கு பதினாறு கட்டம் என்றால் 36 அங்குலச் சதுரம், பிள்ளைக்கும், பெரியவர்கள் மடியில் போட்டுக்கொள்ளவும் போதும். 110 சென்டிமீட்டர் அகலத் துணியில் அடர் நிறம் 1 மீட்டர், வெளிர் 1¼ மீட்டர், அடித்துணி 1.2 மீட்டர். விளிம்புக்குத் தனி. ஆனால் ஒரே ஒரு கட்டத்தைத் தைத்து, அளந்து, 9½ வந்த பிறகு மற்றவற்றை வெட்டுங்கள். பதினாறுக்கும் மொத்தமாக வெட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

சிங்கப்பூரில் இதெல்லாம் வெள்ளைக்காரப் பொழுதுபோக்குத்தானே?

இந்தத் தீவில் தைத்தவற்றுள் உலகம் அறிந்த குயில்ட்டுகள் பொழுதுபோக்குக்குத் தைத்தவை அல்ல. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சாங்கிச் சிறையில் அடைபட்ட பெண்கள் அதே ஆண்டு மூன்று குயில்ட்டுகள் செய்தார்கள். ஏற்பாடு செய்தவர் எத்தல் மல்வேனி என்ற கனடாப் பெண்மணி. ஒவ்வொன்றிலும் 66 சதுரம். ஒவ்வொரு பெண்ணும் தன் சதுரத்தில் தன்னைப் பற்றி ஏதாவது பூத்தையலில் போட்டுப் பெயரையும் தைத்தாள். ஆண்கள் வேறு முகாமில் இருந்தார்கள், மனைவி உயிரோடு இருக்கிறாளா என்றே பலருக்குத் தெரியாது. காயம்பட்ட வீரர்களுக்கு என்று சொல்லி அனுப்பிய அந்தப் போர்வைகளில் பெயர் இருந்தால், அவள் இருக்கிறாள் என்று அர்த்தம். இப்போது இரண்டு கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம்.

அதே சிறையில் சாரணச் சிறுமிகள் அறுகோணத் துண்டுகளைச் சேர்த்துத் தங்கள் தலைவிக்காகத் தைத்தது ஒன்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவற்றில் மத்துக் கட்டம் இல்லை. ஆனால் உங்கள் கட்டத்தின் மூலையில் பெயரையும் வருடத்தையும் தைக்கச் சொல்லி நான் ஏன் நச்சரிக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

என் முதல் கட்டம் 9¼ தான் வந்தது. பிரித்துவிடட்டுமா?

வேண்டாம். பிரித்தால் துணி நைந்துபோகும். உள்ளே இரண்டு மூன்று மடிப்புப் பழைய துவாலை வைத்து, பின்னால் ஒரு பருத்தித் துணி கொடுத்து, ஓரம் அடித்து, மூலையில் ஒரு வளையம் தைத்துவிடுங்கள். என்னுடைய முதல் கட்டம் 9⅛. பதினோரு வருடமாகத் தோசைக்கல்லைப் பிடிக்க அதுதான்.